மதுரையில் இறங்கிய விமானத்திலிருந்து காரைக்குடிக்கு ஏன் போகவிடவில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஐயாவின் எண்பதாம் கல்யாணத்துக்காக நவம்பர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு திருச்சிக்கு வந்திருக்கிறீர்கள். திருச்சியில் இடி மழை. விமானம் அரை மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிவிட்டு மதுரையில் போய் இறங்கியது. கதவைத் திறக்காமல் இரண்டரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு திரும்பவும் திருச்சிக்கே கொண்டுபோனார்கள். காரைக்குடி வீட்டு வாசலை மிதிக்கும்போது விடிகாலை நாலு மணி. உங்கள் ஆத்தாவுக்குக் கால் வீங்கிவிட்டது. நீங்கள் கேட்பது மூன்று: சும்மா ஒரு மழைக்கு ஏன் இறக்காமல் திருப்பினார்கள்? மதுரையிலிருந்தும் காரைக்குடி இரண்டு மணி நேரம்தானே, அங்கேயே இறங்கிப் போக ஏன் விடவில்லை? செட்டிநாட்டில் கிடக்கும் பழைய விமானத் தளத்தைச் சரிசெய்தால் இந்தத் தொல்லை தீருமா?

நான் விமானங்களைத் தரையிலிருந்து அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்தவன். ஒரு விமானம் எவ்வளவு எரிபொருள் ஏற்றிக்கொள்ள வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காகிதமாக விமானியின் கையில் கொடுக்கிற வேலை. இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் இதே கேள்வியை வருடா வருடம் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அன்றைக்கு விமானி செய்தது சரி. உங்களை இறங்கவிடாததற்கும் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணத்தை உங்களிடம் ஒருவரும் சொல்லாமல் இருந்தது தப்பு.

விமானம் சிங்கப்பூரில் கிளம்பும் முன்பே மதுரை அந்தக் காகிதத்தில் இருந்திருக்கும். போகிற ஊரின் பெயருக்குப் பக்கத்தில் மாற்று விமான நிலையத்தின் பெயரையும் எழுதித்தான் விமானத் திட்டம் தாக்கலாகும். திருச்சிக்குப் போகிற விமானத்துக்கு மதுரை, கோயம்புத்தூர், சென்னை, கொச்சி, பெங்களூரு என்று அன்றைய வானிலையைப் பார்த்து ஒன்றையோ இரண்டையோ போடுவோம். ஆகவே நீங்கள் மதுரைக்குப் போனது கடைசி நேரத்தில் யாரோ பதறி எடுத்த முடிவு என்று எண்ண வேண்டாம். நீங்கள் சாங்கி விமான நிலையத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே அது எழுதப்பட்டுவிட்டது.

எரிபொருள் கணக்கைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சிங்கப்பூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரப் பறப்பு. ஏர்பஸ் ஏ320 வகை விமானத்துக்குச் சுமார் 10 டன் எரிபொருள் செலவாகும். வழியில் எதிர்க்காற்று கூடினால், உயரம் மாறிப் பறக்க நேர்ந்தால் சமாளிக்க அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 500 கிலோ, கூடுதலாகப் போடுவோம். திருச்சியிலிருந்து மாற்று நிலையத்துக்குப் போய் இறங்கத் தனியாக ஒரு பங்கு. திருச்சிக்கும் மதுரைக்கும் வான்வழித் தூரம் 125 கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், மேலே ஏறித் திரும்பி இறங்க வேண்டும், அதற்கு ஒரு டன் என்று வையுங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் கை வைக்கவே கூடாத ஒரு பங்கு இருக்கிறது: 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுவதற்கான எரிபொருள். அதை இறுதி இருப்பு என்போம். நம் வீடுகளில் பெட்டகத்து நகையை வைத்துக் கடை நடத்துவதில்லை அல்லவா, அப்படித்தான் அதுவும். இறங்கும்போது அது டாங்கியில் அப்படியே இருந்தாக வேண்டும்.

இப்போது வானத்தில் சுற்றும் விமானத்தை நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ எரிகிறது. வானிலை மோசம் என்று முன்னறிவிப்பு இருந்தால் கேப்டன் சிங்கப்பூரிலேயே கூடுதலாக ஒரு டன் கேட்டு வாங்கியிருப்பார். அது 25 நிமிடத்துக்கு வரும். அந்த 500 கிலோவில் செலவாகாமல் மிஞ்சியது இருந்தால் இன்னும் ஒரு பத்து நிமிடம். ஆக முப்பத்தைந்து நிமிடம். நீங்கள் சுற்றியதாகச் சொல்கிற நேரம் கிட்டத்தட்ட இதுதான். அதற்கு மேலும் சுற்றினால் மதுரைக்கென்று வைத்திருந்த எரிபொருளைத் தொட வேண்டிவரும். அதைத் தொட்டுவிட்டால் திருச்சியில் இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு விமானி தள்ளப்படுவார். அந்த நிலைக்கு வராமல் முன்கூட்டியே திரும்புகிறவர்தான் நல்ல விமானி. நான் வேலையில் இருந்தபோது, இன்னும் ஒரு ஐந்து நிமிடம் பார்க்கிறேன் என்ற கேப்டனைவிட, போதும், கிளம்புகிறேன் என்ற கேப்டன் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சும்மா ஒரு மழைதானே என்கிறீர்கள். மழை மட்டும் என்றால் இறங்கிவிடலாம், தினமும் இறங்குகிறார்கள். தடையாக இருப்பவை இரண்டு. ஒன்று பார்வைத் தூரம். ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவி முதல் வகை என்றால், விமானி 200 அடி உயரத்துக்கு வரும்போது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும். தரையில் பார்வைத் தூரம் 550 மீட்டராவது இருக்க வேண்டும். கொட்டுகிற மழையில் அது சட்டென்று கீழே இறங்கிவிடும். இன்னொன்று காற்று. இடிமேகத்துக்கு அடியில் காற்று மேலிருந்து கீழே கொட்டித் தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். எதிர்க்காற்றாக இருந்தது சில நொடியில் பின்காற்றாக மாறும், விமானத்தைத் தாங்கும் விசை சட்டென்று குறையும். இறங்கும் நேரத்தில் இதைப்போல ஆபத்து வேறில்லை. பின்காற்று பொதுவாக 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், வேகத்துக்கு மேல் போனால் அந்தத் திசையில் இறங்கக் கூடாது. எதிர்த் திசையில் இறங்கலாமே என்று தோன்றும். நம் மாநிலத்துச் சிறு விமான நிலையங்களில் ஐஎல்எஸ் பொதுவாக ஒரு முனைக்குத்தான் இருக்கும். மறுமுனையிலிருந்து வந்தால் இன்னும் உயரத்திலேயே, இன்னும் தெளிவாக ஓடுபாதை தெரிய வேண்டும். மழை இரவில் அது நடக்காது.

நம் பக்கத்து இடிமேகம் முக்கால் மணி நேரத்தில் கலைந்துவிடுவதுண்டு. அந்த நம்பிக்கையில்தான் முதலில் சுற்றுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். ஒரு மேகம் கலைந்த இடத்தில் கடல் பக்கமிருந்து அடுத்தது வந்து நிற்கும்.

சுற்றுவது என்றாலே சனங்களுக்கு இப்போது பயம் வந்துவிட்டது, 2024 அக்டோபர் 11 அன்று நடந்ததால். அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஐஎக்ஸ் 613, ஹைட்ராலிக் கோளாறு காரணமாக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் சுற்றியது. உள்ளே 141 பயணிகள். ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. உங்கள் விமானம் சுற்றியதும் அது சுற்றியதும் வேறு வேறு. அவர்கள் நிறைய எரிபொருளோடு அப்போதுதான் கிளம்பியவர்கள். அந்த வகை போயிங் 737-இல் எரிபொருளை வானத்தில் கொட்டிவிட வழி கிடையாது. எடை குறைய வேண்டுமானால் எரித்துத்தான் தீர்க்க வேண்டும், அதற்காகச் சுற்றினார்கள். நல்லபடியாகத் திருச்சியிலேயே இறங்கினார்கள். அவர்களுக்கு எரிபொருள் அதிகம் என்பது கவலை. உங்கள் விமானிக்கு அது தீர்ந்துகொண்டிருப்பது கவலை. இன்னொரு சம்பவம் 2018 அக்டோபர் 12 அதிகாலையில் நடந்தது. திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஐஎக்ஸ் 611, 130 பயணிகளோடு மேலே எழும்பும்போது நிலையத்தின் சுற்றுச்சுவரில் இடித்துவிட்டு, பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. டைவர்ட், அதாவது போகவேண்டிய ஊரில் இறங்காமல் வேறிடத்தில் இறங்குவது, என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி வெவ்வேறு கதைகள் அடங்கும். பெரும்பாலானவை உங்களுடையதைப் போல வானிலைக் கதைகள்தான்.

அடுத்து, உங்கள் மனதை அதிகம் உறுத்துகிற கேள்வி. மதுரை ஓடுபாதையில் நிற்கிறீர்கள். பெருங்குடியிலிருந்து ரிங் ரோடு பிடித்து, மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி வழியாக வந்தால் வீடு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாக வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கதவைத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாட்டிலிருந்து வருகிற விமானத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல், அது இறங்கப்போகிற நிலையத்தின் இமிகிரேஷனுக்கு முன்கூட்டியே போய்விடும். அன்று உங்கள் பெயர்கள் இருந்தது திருச்சிப் பட்டியலில். மதுரையில் இமிகிரேஷனும் கஸ்டம்ஸும் இருக்கின்றன, 2012 முதல் அங்கே கொழும்பு விமானம் வந்துபோகிறது. ஆனாலும் அந்த இரவில் அங்கே பணியில் இருப்பவர்கள், அங்கே வரவேண்டிய விமானங்களுக்காக இருப்பவர்கள். திடீரென்று 180 பேர் வந்து நின்றால் டெல்லி வரை கேட்டு அனுமதி வாங்கி, ஆள் சேர்த்து, பட்டியலை மாற்றி வாங்கித்தான் ஒருவரையாவது உள்ளே விடலாம். மழை நின்றதும் விமானம் கிளம்பிவிடும் என்கிற நிலையில் அந்த வேலையை யாரும் தொடங்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெட்டிகள். எங்களை மட்டுமாவது இறக்கிவிடுங்கள், நாங்கள் காரைக்குடி ஆட்கள் என்று நீங்கள் பணிப்பெண்ணிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பயணி இறங்கிவிட்டால் அவருடைய பெட்டியும் இறங்கியாக வேண்டும். ஆள் இல்லாத பெட்டியோடு விமானம் பறக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள பாதுகாப்பு விதி. வயிற்றுக்குள் அடுக்கிய நூற்றுக்கணக்கான பெட்டிகளில் உங்கள் ஆறு பெட்டிகளைத் தேடி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். உங்களைப் பார்த்து மேலூர்க்காரர், சிவகங்கைக்காரர், பரமக்குடிக்காரர் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்களுக்கு மதுரைதான் இன்னும் பக்கம். அப்படியே விட்டால் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் போகவேண்டியவர் விடியும் வரை அங்கேயே கிடப்பார்.

இதற்குள் உரிமைப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது, அதைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் இந்தியாவில் எந்தெந்த ஊரில் பயணிகளை இறக்கி ஏற்றலாம் என்பது இரண்டு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விஷயம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் நிறுவனங்கள் கட்டுப்பாடு இல்லாமல் எத்தனை விமானம் வேண்டுமானாலும் இயக்கலாம் என்று இந்தியா 18 ஊர்களைத் திறந்துவிட்டது. கயா, வாரணாசி, கொச்சி, திருவனந்தபுரம் எல்லாம் இருக்கிற அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஊர் திருச்சி. மதுரை இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர் நிறுவனங்கள் திருச்சிக்கு வருவதற்கும் மதுரைக்கு வராததற்கும் முக்கியக் காரணம் இதுதான். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்தது இந்திய நிறுவனம், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2017இல் தொடங்கியது. ஆகவே வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் மதுரையில் நின்றால் அது எரிபொருளுக்கும் பாதுகாப்புக்கும் நின்ற நிறுத்தம். பயணிகளை அங்கே இறக்கிவிட வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனவர்களை இறக்க அனுமதி உடனே கிடைக்கும், அதில் எந்த நிலையமும் தயங்காது. உங்கள் ஆத்தாவுக்கு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்திருந்தால் மருத்துவர் ஏறி வந்திருப்பார், ஆம்புலன்ஸ் ஏணிப்படியடியில் நின்றிருக்கும்.

அந்த இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று என்றும் கேட்டிருந்தீர்கள். நிற்க ஒரு இடம் கொடுப்பார்கள், அதற்கு முன்பு வந்த விமானங்கள் போகக் காத்திருக்க வேண்டும். எரிபொருள் வண்டி வரவேண்டும், அது முதலில் அட்டவணைப்படி கிளம்பவேண்டிய விமானத்துக்குத்தான் போகும். அந்த நிறுவனத்துக்கு மதுரையில் சொந்த ஆள் இல்லையென்றால் வேறொரு நிறுவனத்தின் தரைப்பணி ஆட்களைக் கேட்டு வாங்க வேண்டும். புதிதாக ஒரு விமானத் திட்டம் போட வேண்டும். இப்போது போகிற ஊர் திருச்சி, அதற்கும் ஒரு மாற்று நிலையம், அதற்கும் எரிபொருள். இத்தனையும் முடிந்தாலும் திருச்சியில் மழை நிற்க வேண்டும். இவற்றோடு விமானிகளின் வேலை நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். களைத்த விமானி பறக்கக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது, அதைத் தாண்டினால் மாற்று விமானிகள் வரும்வரை விமானம் நகராது. இந்தியாவில் இந்த விதிகளை 2025இல் இரண்டு கட்டமாக, ஜூலையிலும் நவம்பரிலும், இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். உங்கள் விமானம் அன்றிரவே கிளம்பியது என்றால், வரம்புக்குள் முடித்துவிட வேண்டும் என்று யாரோ ஓடி ஓடி வேலை பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இப்போது எரிபொருளுக்குக் காத்திருக்கிறோம், இப்போது திருச்சி வானிலைக்குக் காத்திருக்கிறோம் என்று தமிழில் ஒரு வார்த்தை. அந்த விமானத்தில் பாதிப் பேர் வயதானவர்கள், ஆங்கில அறிவிப்பு புரியாதவர்கள். நான் வேலையில் இருந்த காலத்திலேயே இதற்காகப் பலமுறை மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன். தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுக்க முடிகிறவர்களால் ஒரு தகவலைக் கொடுக்க முடியாதா? இந்த ஒன்றில் உங்கள் கோபம் முழுக்க நியாயம்.

ஏன் நமக்கு மட்டும் கல்யாணத்துக்கு வரும்போதெல்லாம் இப்படி என்று உங்கள் ஆத்தா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் ஒரு காலத்தில் கப்பலில்தான் வந்து போனார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் ரஜூலா ஓடியது. பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழி முடிந்துபோனது. அதற்குப் பிறகு நமக்கு வானம்தான். காரைக்குடியிலிருந்து போனால் திருச்சி ஊருக்குள் நுழையும் முன்பே, புதுக்கோட்டைச் சாலையிலேயே விமான நிலையம் வந்துவிடுவது நமக்கு ஒரு வசதி. வளைகுடாவில் வேலை பார்க்கிற சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளும் அதே நிலையத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்துபோவது அங்கேதான். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், ஆண்டுக்கு 44.5 லட்சம் பேர் வந்துபோகிற அளவுக்குக் கட்டப்பட்டது. அந்த ஜூன் மாதத்திலிருந்து அதில்தான் விமானங்கள் இயங்குகின்றன.

கூட்டம் எப்போது வருகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் பள்ளிக்கூட நீண்ட விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடிய. தீபாவளி ஐப்பசியில். கார்த்திகையில் முகூர்த்தங்கள். நம் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதைத் தொடர்ந்து மார்கழி, தையில் அதிகாலைப் பனி. விமானங்கள் நிரம்பி வழிகிற காலமும் வானம் மூடிக்கிடக்கிற காலமும் நமக்கு ஒன்றாகவே வந்து அமைந்துவிட்டன. இதோடு சென்னைப் புயல்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோதும் மூடினார்கள். சென்னை மூடினால் அந்த விமானங்கள் எல்லாம் பெங்களூரு, திருச்சி, கோயம்புத்தூர் என்று இடம் தேடும். உங்கள் விமானத்துக்கு மாற்று நிலையமாகச் சென்னையைப் போட முடியாமல் போவதும், இருக்கிற நிலையங்களில் நிறுத்த இடம் இல்லாமல் போவதும் அந்த மாதிரி நாட்களில்தான்.

இனி செட்டிநாட்டுத் தளம். செட்டிநாடு ரயில் நிலையத்துக்கும் கானாடுகாத்தானுக்கும் பக்கத்தில், அரசு கால்நடைப் பண்ணையை ஒட்டிக் கிடக்கிறதே, அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன், ஏப்ரலில் கொழும்பில் குண்டு. சோழவரம், உளுந்தூர்பேட்டை என்று தென்னிந்தியாவில் வரிசையாக விமானத் தளங்கள் வந்தது அந்தப் போருக்காக. பர்மாவில் நம் பெட்டியடிகளை, அதாவது வட்டிக்கடைகளை, எல்லாம் மூடவைத்த அதே போர் நம் ஊரில் இந்த ஓடுபாதையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் அன்றைய இரவுக்கு அது உதவியிருக்காது. வானிலைக்காக ஒதுங்குகிற நிலையம் கொஞ்சம் தள்ளி இருந்தால்தான் பயன். திருச்சியிலிருந்து செட்டிநாடு வான்வழியில் 65 கிலோமீட்டர் அளவுதான். திருச்சிமேல் நிற்கிற மேகக் கூட்டம் அதே நேரத்தில் திருமயத்தின்மேலும் நிற்கும். அதுவும் போக, ஏ320 வந்து நிற்க 2,000 மீட்டருக்கு மேல் ஓடுபாதை, ஐஎல்எஸ், அதற்குரிய அளவு தீயணைப்பு வண்டிகள், எரிபொருள், இரவு முழுக்க ஆட்கள் எல்லாம் வேண்டும். வருடத்தில் சில இரவுகளுக்காக இதை யாரும் கட்டமாட்டார்கள். திருச்சியின் ஓடுபாதையே 2,480 மீட்டர்தான், மதுரையுடையது 2,285. இரண்டையும் நீட்ட வேண்டும் என்று வருடக்கணக்கில் நிலம் எடுப்பு நடந்துகொண்டிருக்கிறது.

செட்டிநாட்டில் வரக்கூடியது ஏடிஆர் போன்ற எழுபது, எண்பது இருக்கைச் சிறு விமானம், சென்னைக்கோ பெங்களூருக்கோ. சிறு ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பழைய தளங்களை எழுப்ப வழி இருக்கிறது. சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் உடானில் சென்னை விமானம் வந்தது, 2021இல் நின்றது, திரும்ப 2023 அக்டோபரில்தான் விமானம் பார்த்தார்கள். மானியமும் விமானமும் இருக்கிறவரை ஓடும். பக்கத்தில் பக்கத்தில் நிலையங்கள் இருப்பதும் நமக்கு எதிரான கணக்கு. ஏற்கெனவே உள்ள நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் என்றால் மத்திய அரசு தனியாக ஆராய்ந்துதான் ஒப்புதல் தரும், நாமோ திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறோம். சென்னைக்குப் போக நம் ஆட்களுக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது, ராத்திரி ரயில்கள் இருக்கின்றன. நம் செட்டிநாட்டுப் பெரிய வளவு வீடுகளைப் பார்க்க வருகிற வெளிநாட்டுப் பயணிகளும் தொழில் செய்கிறவர்களும் சேர்ந்தால் ஒரு சிறு விமானம் நிரம்பும் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காரணத்துக்காகக் கேளுங்கள், கேட்பதில் வலு இருக்கும்.

சிங்கப்பூர்ப் பயணிகளுக்காகக் கேட்க வேண்டியது வேறு. மதுரையைத் தென்கிழக்கு ஆசிய நிறுவனங்களுக்குத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து மதுரை 24 மணி நேரமும் இயங்க ஒப்புதல் வந்துவிட்டது, இனி இரவு நேரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. திருச்சியில் ஓடுபாதையின் இரண்டு முனைக்கும் நல்ல வழிகாட்டும் கருவி கேட்க வேண்டும். இவை இரண்டும் கிடைத்தால் செட்டிநாட்டுக்காரருக்குச் சொந்த விமான நிலையம் வந்ததைவிடப் பலன் அதிகம்.

நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை. வானிலையால் வந்த தாமதத்துக்கு இந்திய விதிப்படி நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை. காத்திருக்கும் நேரத்துக்குத் தண்ணீரும் சாப்பாடும் தர வேண்டும். கிளம்புவதே ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

அடுத்த முறை நவம்பர் டிசம்பரில் வருவதாக இருந்தால் பகல் நேரத்தில் வந்துசேரும் விமானத்தைப் பாருங்கள், நம் பக்கத்து இடிமழை பிற்பகலுக்கு மேல்தான் கூடும். சுபகாரியத்துக்கு இரண்டு நாளாவது முன்னால் வந்துவிடுங்கள். ஆத்தாவின் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் அந்த இரண்டரை மணி நேரத்தில் எடுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டிவந்தால் அவரை எழுப்பி நடைபாதையில் நாலு தடவை நடக்கவையுங்கள், கால் வீக்கம் குறையும். அழைத்துப்போக வருகிற வேன்காரரிடம் விமான எண்ணைக் கொடுத்து, விமானம் போகிற வழியைக் காட்டும் செயலியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விமானம் மதுரைக்குத் திரும்பிவிட்டது என்று பார்த்ததும் அவர் மேலூரை நோக்கி வண்டியைத் திருப்பிவிடக் கூடாது. திருச்சியிலேயே ஒரு டீயைக் குடித்துவிட்டு வண்டியில் படுத்துத் தூங்கட்டும், விமானம் அங்கேதான் வரும்.